ஏழாம் பக்கத்துச் சிரிப்பு

"பிப்ரவரி 4, செவ்வாய். வகுப்பில் இன்று ஒரு சின்னத் தவறு. நத்தைப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லும்போது, 'ஏழாம் பக்கத்தில் என் அக்கா மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்' என்று சொல்லிவிட்டேன். சிரித்தது நான். அடுத்த வாரம் திருத்திச் சொல்ல வேண்டும்."

எழுதி முடித்ததும் 'சின்ன' என்ற சொல்லின் கீழே ஒரு கோடு போட்டாள். கோடு போட்டால் சின்னது பெரிதாகிவிடாதா என்று உடனே ஒரு சந்தேகம் வந்தது. கோட்டை அடித்தாள். அடித்தது கோட்டைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அவள் சுபாவமே அப்படி. கதவைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்து, பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம்.

பகலில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சட்டங்களைத் துடைத்து அடுக்குவது, பரிசோதனைக்கு வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைப்பது, "மேல் வரியைப் படிங்க, அடுத்த வரியைப் படிங்க" என்று சொல்வது. மாலையில் உருப்படியாக எதையாவது படிக்கலாம் என்று கிளை நூலகத்துக்குக் கணக்குப் பதிவு வகுப்பில் சேரப் போனாள். அங்கே இடம் நிறைந்துவிட்டது. வெறுங்கையோடு திரும்பக் கூச்சப்பட்டுப் பக்கத்து வரிசையில் நின்றாள். அது காகிதத்தில் அட்டை செய்யும் வகுப்புக்கான வரிசை. கணக்குக்குப் போனவள் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்தாள், உட்கார்ந்தவளுக்கு அது பிடித்தும் போனது.

அந்த வகுப்புக்கு ஒரு முறை உண்டு. வாரம் ஒருவர் ஒரு குழந்தைப் புத்தகத்தைக் கொண்டுவந்து சிபாரிசு செய்ய வேண்டும். ஆனால் தனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் செல்லாது. ஒரு குழந்தைக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். எந்தப் பக்கத்தில் குழந்தை நிறுத்தியது, சிரித்ததா, அழுததா, எழுந்து ஓடியதா என்று சொல்ல வேண்டும். அதற்கு 'நிறுத்தப் பக்கம்' என்று பெயர். அந்தப் பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் அன்று எல்லாரும் அட்டை செய்வார்கள். நன்றாக வந்த ஓர் அட்டையின் பின்பக்கத்தில் குழந்தையின் வயதையும் நிறுத்தப் பக்கத்தையும் எழுதிப் புத்தகத்துக்குள் செருகி, கீழே குழந்தைகள் அலமாரியில் வைத்துவிடுவார்கள். புத்தகத்தை எடுத்துப் போகிற பெற்றோருக்கு அதுதான் கைகாட்டி.

மற்றவர்களுக்கெல்லாம் வீட்டில் குழந்தை இருந்தது. டாக்ஸி மாமாவுக்குப் பேத்தி. பசையைக் காகிதத்தில் தடவுவதைவிட விரல்களில் தடவிக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர். பேக்கரி அக்காவுக்கு ஒரே மகள். பிறந்தபோது துணியில் இறுக்கிச் சுற்றிக் கொடுத்ததால் பொட்டலம் என்று பேர் விழுந்து, ஐந்து வயதை நெருங்கியும் பொட்டலமாகவே இருந்தாள். இவளுக்கு வீட்டில் இருந்தது ஓர் அலாரம் கடிகாரமும் இரண்டு தொட்டிச் செடிகளும்.

அவள் முறை வந்த அன்று நத்தைப் புத்தகத்தைக் கொண்டுபோனாள். முடி வெட்டிக்கொள்ளப் போகும் நத்தையின் கதை. ஏழாம் பக்கத்தில் முடிதிருத்துபவர் துண்டைப் போர்த்திவிட்டு, "எவ்வளவு எடுக்கணும்?" என்று கேட்பார். நத்தை யோசிக்கும். அந்தப் பக்கம் முழுக்க யோசிக்கும். ஆள் இல்லாத மதிய வேளையில் கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் படித்துத் தனியாகச் சிரித்தவள் அவள்தான்.

"யாருக்குப் படிச்சுக் காட்டினீங்க?" என்று வகுப்பை நடத்தும் நூலக அக்கா கேட்டாள்.

எல்லாரும் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். நுணல் வாயைத் திறந்த கதைதான்.

"அக்கா பொண்ணுக்கு."

"எத்தனை வயசு?"

"நாலே முக்கால்."

அந்த முக்கால்தான் எல்லாரையும் நம்பவைத்தது. பொய் சொல்கிறவர்கள் நாலு என்பார்கள், ஐந்து என்பார்கள். முக்காலை எங்கிருந்து கொண்டுவருவார்கள்?

அக்காவுக்கு மகள் இருந்தது உண்மை. அவளுக்கு ஒன்பது மாதம்கூட நிறையவில்லை.

அன்று எல்லாரும் நத்தை அட்டை செய்தார்கள். நீளக் காகிதத்தைச் சுருட்டி ஓடு. உள்ளே ஒரு பட்டை. பட்டையை இழுத்தால் நத்தையின் தலை மெல்ல வெளியே வரும். இவள் செய்ததுதான் சிக்காமல் ஓடியது. அவளிடமே கொடுத்துப் பின்பக்கத்தில் எழுதச் சொன்னார்கள். 'நாலே முக்கால் வயது. நிறுத்தப் பக்கம் ஏழு. விழுந்து விழுந்து சிரித்தாள்.' முத்து முத்தான கையெழுத்து.

அடுத்த செவ்வாய்க்குள் திருத்தத்தை வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்திருந்தாள். 'போன வாரம் நான் சொன்னதில் ஒரு சிறு பிழை' என்று தொடங்க வேண்டும். பேருந்தில் உதட்டை அசைத்து ஒத்திகையும் பார்த்தாயிற்று. உள்ளே நுழைவதற்குள் டாக்ஸி மாமா பிடித்துக்கொண்டார்.

"வாம்மா டைரி!" எதையும் குறித்து வைத்துக்கொள்கிறாள் என்று அவளுக்கு அந்தப் பேரை வைத்தவர் அவர்தான். "உன் அக்கா பொண்ணு என்ன சொல்றா இந்த வாரம்? அவ சொன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போவேன். கலெக்டர் ஆகப்போற புள்ள அது."

"கண்ணை மூடிக்கிட்டு வண்டியும் ஓட்டாதீங்க மாமா" என்றாள் நூலக அக்கா.

பேக்கரி அக்கா பையிலிருந்து நத்தைப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். மாவு பிசைந்து பிசைந்து தோள் திரண்ட பெண்; குரலும் அப்படியே. "நானும் எடுத்துட்டுப் போனேன். எங்க பொட்டலம் ஏழாம் பக்கத்துல கல்லு மாதிரி உக்காந்திருக்கு. திருப்பித் திருப்பிப் படிச்சேன். ம்ஹூம். கடைசிப் பக்கத்துல நத்தை வீட்டுக்குப் போகுது பாரு, தரையெல்லாம் கோடு கோடா, அங்க வந்து நிறுத்தி, 'இதையெல்லாம் யாரும்மா தொடைப்பா?'ன்னு கேக்குது."

வகுப்பே சிரித்தது. பேக்கரி அக்காவும் சிரித்தாள். "கடைய நான் தொடைக்கிறதப் பாத்தே வளருது, வேற என்ன கேக்கும்?"

தான் இட்டுக்கட்டியதைவிட அந்தக் கேள்வி நூறு மடங்கு நல்ல கேள்வி என்று அவளுக்கு அந்த நிமிடமே தெரிந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பேச்சு தன் பக்கம் திரும்பும். ஏழாம் பக்கம் வரும், முக்கால் வரும். ஸ்கேலை வைத்துக் காகிதத்தை மடித்து, மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தாள். நீவி நீவி அந்த இடத்தில் காகிதம் பிரிந்துவிட்டது.

பிறகு என்ன, ஒன்றை மறைக்க ஒன்பது. வாரா வாரம், யார் எந்தப் புத்தகத்தைச் சொன்னாலும், "டைரி, உங்க வீட்டுக் கலெக்டர் என்ன சொல்றாங்க?" என்று ஒரு குரல் வரும். சொன்னாள். யானைக்கு ஏன் தும்பிக்கையில் எலும்பு இல்லை என்று கேட்டாளாம். மழைப் படத்தைக் காட்டியதும் குடையை எடுத்து வந்தாளாம். அதையும் அட்டைகளின் பின்பக்கத்தில் 'நாலே முக்கால் வயது' என்று போட்டு அவளையே எழுதச் சொன்னார்கள், எழுதினாள். ஒவ்வொன்றையும் வீட்டுக்கு வந்து குறித்துக்கொண்டாள், நாளைக்கு மாற்றிச் சொல்லிவிடக் கூடாதே என்று. பொய்யில்கூட ஒழுங்கு. அதை நினைத்தால் காது மடல்கள் சுட்டன.

ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு போனில் பேசும்போது சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லிப் பார்த்தாள்.

"அடிப்பாவி!" என்றாள் அக்கா. "எம்பொண்ணுக்கு இன்னும் ரெண்டு பல்லுதான் வந்திருக்கு. அதுக்குள்ள யானையோட எலும்ப எண்ண வெச்சுட்டியா? நீ அனுப்பின புத்தகத்தோட முனைய நேத்துத் தின்னுட்டா, அதையும் போய்ச் சொல்லு, நிறுத்தப் பக்கம் மேலட்டைன்னு."

"கிண்டல் பண்ணாத அக்கா."

"சரி, இதுல யாருக்காவது நஷ்டம் உண்டா?"

"இல்ல" என்றாள்.

"அப்ப விடு."

விட்டாள். ஆனால் அந்த 'இல்ல'வை அவள் டைரியில் குறிக்கவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின செவ்வாய் பேக்கரி அக்கா யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

பிப்ரவரி கடைசி வாரம் வகுப்பு முடிந்ததும் பேக்கரி அக்கா அவளைப் படிக்கட்டில் நிறுத்தினாள். நிறுத்தியவள் ஒரு படி கீழே நின்றதால் இருவர் முகமும் நேர் நேராக இருந்தன.

"ஒண்ணு கேக்கணும். உன் அக்கா பொண்ண ஒரு நாள் கூட்டிட்டு வர முடியுமா? எங்க வீட்டுக்கு. சும்மா பக்கத்துல உக்காந்து விளையாடட்டும். பாத்துக் கத்துக்கும் இல்ல, எம்புள்ளையும்?"

"எதுக்கு அக்கா... பொட்டலம் நல்லாத்தானே இருக்கா."

"எங்க நல்லா இருக்கா? ரெண்டும் ஒரே வயசு. உங்க வீட்டுப் புள்ள எதைப் படிச்சாலும் புரிஞ்சு சிரிக்குது, கேள்வி கேக்குது. இது சம்பந்தா சம்பந்தமில்லாம எதையோ கேக்குது. தொடைக்கிறது, கூட்டுறது. எனக்கு ராத்திரி தூக்கம் போச்சு. ஒரு டாக்டரம்மாகிட்ட காட்ட நாள் கேட்டிருக்கேன். பேச்சு, புத்தி எல்லாம் சோதிச்சுச் சொல்லுவாங்களாம்."

இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. சொல்லிவிடு, சொல்லிவிடு. வாய் வேறொன்றைச் சொன்னது.

"ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரிதானே அக்கா."

பேக்கரி அக்கா கசப்பாகச் சிரித்தாள். "கெட்டிக்காரப் புள்ளைய வீட்ல வெச்சிருக்கறவங்க எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க."

இரண்டிரண்டு படியாக இறங்கிப் போய்விட்டாள். இவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் யாரோ அறைந்ததுபோல் இருந்தது. அறைந்திருந்தால் தேவலை என்றும் இருந்தது.

மார்ச் முதல் செவ்வாயன்று பேக்கரி அக்கா வகுப்புக்கு வரவில்லை.

"புள்ளைக்கு ஏதோ குறைன்னு மனசு விட்டுப்போச்சு அதுக்கு" என்றார் டாக்ஸி மாமா, விரலில் ஒட்டிய காகிதத்தைப் பல்லால் இழுத்துக்கொண்டே. "நானும் சொல்லிப் பாத்தேன். எம்பேத்தி அஞ்சு வயசு வரைக்கும் எறும்போட மட்டுந்தான் பேசினா, இப்ப நிறுத்த முடியலன்னேன். கேட்டாத்தானே?"

அன்று முயல் அட்டை. அவள் ஒட்டிய காது தலைகீழாக இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் டைரியில் தேதி மட்டும் எழுதினாள்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டு பேக்கரிக்கு நடந்தாள். நடக்கும்போது மூன்று வாக்கியங்கள் தயார் செய்தாள். முதலாவது மன்னிப்பு. இரண்டாவது உண்மை. மூன்றாவது பொட்டலத்தைப் பற்றி. தெரு முனையில் நின்று, முதலில் உண்மையைச் சொல்லிப் பிறகு மன்னிப்புக் கேட்பதுதான் முறை என்று வரிசையை மாற்றினாள். மன்னிப்பை முன்னால் வைத்தால் அது லஞ்சம்போல் இருக்கும் என்று பட்டது.

பேக்கரியில் கூட்டமில்லை. பின்கட்டில் அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. பேக்கரி அக்கா அவளைப் பார்த்ததும், அவள் எதிர்பார்க்கவே இல்லை, முகமெல்லாம் மலர்ந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கையில் இருந்த மாவு இவள் சட்டையில் ஒட்டியது.

"நல்ல நேரத்துல வந்த! நானே ஆள் அனுப்பணும்னு இருந்தேன். இங்க வா, வந்து பாரு. பொட்டலம்! இங்க வாடா கண்ணு."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு குழந்தை வந்தது. முட்டியில் மாவு, மூக்கு நுனியில் மாவு. கையில் பிசைந்து பிசைந்து சாம்பல் நிறமாகிப்போன மாவுருண்டை ஒன்று. இவளை ஏற இறங்கப் பார்த்தது.

"நீங்கதான் அந்த அக்காவோட சித்தியா?"

"எந்த அக்கா?"

"எல்லாத்துக்கும் சிரிப்பாங்களே, அந்த அக்கா."

பேக்கரி அக்கா அதற்குள் கையைத் துடைத்துக்கொண்டு நத்தைப் புத்தகத்தை எடுத்து வந்து மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். மகளை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். உரத்து, உணர்ச்சியோடு, நத்தைக்கு ஒரு குரல், முடிதிருத்துபவருக்கு ஒரு குரல். நன்றாகத்தான் படித்தாள். ஏழாம் பக்கம் வந்தது.

"'எவ்வளவு எடுக்கணும்?'னு கேட்டாராம். நத்தை யோசிச்சுதாம்... யோசிச்சுதாம்..."

பொட்டலம் சிரித்தாள். ஹஹ்ஹஹ்ஹா. கையைத் தட்டினாள். தலையைப் பின்னால் சாய்த்து இன்னொரு முறை சிரித்தாள்.

"பாத்தியா!" பேக்கரி அக்காவின் கண்கள் நிறைந்திருந்தன. "நேத்துலேர்ந்து சிரிக்கிறா. ஒவ்வொரு தடவையும் சரியா அந்த இடத்துல. புரிஞ்சிடுச்சு அவளுக்கு. நான்தான் வீணாப் பயந்துட்டேன்."

கண்ணாடிக் கடைக்கு வரும் குழந்தைகளில் சில, தங்கள் முறைக்குக் காத்திருக்கும்போதே முன்னால் இருப்பவர் படிப்பதைக் கேட்டு எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடும். நாற்காலியில் ஏற்றியதும் கடகடவென்று ஒப்பிக்கும். ஒரு தவறு இருக்காது. ஆனால் கண் பலகையில் இருக்காது. பக்கத்தில் நிற்கும் அம்மாவின் முகத்தில் இருக்கும், சரியாகச் சொல்கிறோமா என்று. அந்தப் பார்வையை அவள் தினமும் பார்க்கிறவள்.

பொட்டலம் சிரிக்கும்போது புத்தகத்தைப் பார்க்கவில்லை.

இத்தோடு போய்விடலாம். தாய்க்குச் சந்தோஷம், பிள்ளைக்கு நிம்மதி. நாலே முக்கால் வயதுக்காரியை வெளியூருக்கு அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. அப்படி ஒரு கதவு திறந்திருப்பதை அவள் தெளிவாகப் பார்த்தாள். அதைப் பார்த்ததற்கே கூனிக் குறுகினாள். மடியில் இருந்த குழந்தை இப்போது இவள் முகத்தையும் பார்த்தது, நான் செய்தது போதுமா என்று.

"அக்கா, அவ சிரிக்க வேண்டியதில்ல" என்றாள். தயார் செய்த மூன்று வாக்கியங்களில் இது இல்லை.

"என்ன?"

"அந்தப் பக்கத்துல யாருமே சிரிக்கல. எங்க அக்கா பொண்ணு சிரிக்கல. அவளுக்கு ஒன்பது மாசம்தான் ஆகுது. பேசவே தெரியாது. நான்தான் கடையில தனியா உக்காந்து படிச்சேன். யானை, குடை, எல்லாமே நான் சொன்னதுதான். குழந்தை இல்லேன்னா வகுப்புல..." தொடங்கிய காரணம் தனக்கே அற்பமாகக் கேட்டதால் பாதியில் நிறுத்திவிட்டாள்.

பேக்கரி அக்கா மகளை மடியிலிருந்து இறக்கினாள். "போய் விளையாடு." குழந்தை மேசைக்கு அடியில் போய்விட்டது.

"ஒன்பது மாசமா?"

"ம்."

"அப்ப அன்னைக்குப் படிக்கட்டுல நான் கேட்டப்பவும் உனக்குத் தெரியும்."

"தெரியும் அக்கா."

"டாக்டர்னு சொன்னப்பவும்."

"தெரியும்."

"இப்ப இவ சிரிச்சது பொய்யின்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பலகையை மனப்பாடம் செய்யும் குழந்தைகளைப் பற்றிச் சொன்னாள். பேக்கரி அக்கா தலையை ஆட்டினாள். "ஆமா, நீ கண்டுபிடிச்சிடுவ. பாம்பின் கால் பாம்பறியும்." குரலில் கோபம்கூட இல்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "சனிக்கிழமை அவ கன்னத்துல ஒண்ணு வெச்சேன். ஏழாம் பக்கத்துக்காக. அதுக்கு அடுத்த நாள்லேர்ந்துதான் சிரிக்க ஆரம்பிச்சா. எனக்குப் புரியல பாரு, பெத்தவளுக்கு."

மன்னிப்பு என்ற சொல் இவள் வாய்வரை வந்தது. அந்த அறையின் சூட்டில் அது காகிதம்போல் சுருண்டது.

"அவ கேட்டது நல்ல கேள்வி அக்கா. யாரு தொடைப்பாங்கங்கறது. எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுது. நான் சொல்லல."

"இப்ப நீ நல்ல கேள்வின்னு சொன்னா நான் நம்பணுமா?" தட்டுகளை வெளியே இழுக்கத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டாள். "டாக்டரம்மாகிட்ட போறது போறதுதான். உன் பேச்சைக் கேட்டுப் பயந்தேன். உன் பேச்சைக் கேட்டு நிம்மதியாவும் ஆகணுமா? வேணாம்மா. அவங்களே பாத்துச் சொல்லட்டும்."

"சரி அக்கா."

"அந்த அட்டை எல்லாம் கீழ அலமாரியில இருக்குல்ல? நாலே முக்கால், நாலே முக்கால்னு எழுதி. எத்தனை வீட்டுக்குப் போச்சோ. என்னை மாதிரி எத்தனை பேரு புள்ளைய உக்கார வெச்சு உலுக்கிக்கிட்டு இருக்காளோ."

அதை அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. எல்லாவற்றையும் குறித்து வைத்தவள் அதை மட்டும் நினைக்கவில்லை.

ரொட்டித் தட்டுகள் வரிசையாக வெளியே வந்தன. முன்பக்கம் யாரோ மணியை அடித்தார்கள். பேக்கரி அக்கா கையை உதறிக்கொண்டு முன்னால் போனாள். போகிற போக்கில், திரும்பாமலே, "கிளம்பும்போது கதவைச் சாத்திட்டுப் போ. மாவுல தூசி விழும்" என்றாள்.

மேசைக்கு அடியிலிருந்து பொட்டலம் எட்டிப் பார்த்தாள். "இனிமே சிரிக்க வேணாமா?"

"வேணாம்" என்றாள். "சிரிப்பு வந்தா மட்டும் சிரி."

குழந்தை அதை யோசித்தது. பிறகு சாம்பல் உருண்டையைத் தரையில் வைத்துத் தட்டத் தொடங்கியது. அவள் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டோமா என்று திரும்பி வந்து பார்க்க, அன்று அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"மார்ச் 10, திங்கள். பேக்கரி அக்காவிடம் சொன்னேன். தாமதமாகச் சொன்னேன், சரியாகவும் சொல்லவில்லை. அவர் மன்னிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. பொட்டலம் அடி வாங்கியிருக்கிறாள்.

நாளை வேலை: வகுப்புக்கு முன்பே போய் அலமாரியிலிருந்து என் அட்டைகளை எடுக்க வேண்டும். வெளியே போயிருக்கும் புத்தகங்கள் யார் யார் வீட்டில் இருக்கின்றன என்று நூலக அக்காவிடம் கேட்க வேண்டும். அவர் ஏன் என்று கேட்பார். டாக்ஸி மாமாவும் இருக்கும்போது, எல்லார் முன்னாலும் காரணத்தைச் சொல்ல வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு வீடாகப் போக வேண்டும்."